கணவாயில் புகுந்த படை

நாடு எது, ஆண்டு எது என்று யாரும் குறித்து வைக்காத முன்னொரு காலத்தில், விசயதரன் என்ற அரசருக்குப் புதிய ஆசை ஒன்று பிறந்தது. உடம்பை ஒட்டித் தைத்த பட்டுக் கால்சட்டை அணிந்து, பொழுதெல்லாம் குதிரையேற வேண்டும் என்பதே அது. சில வாரங்களில் தொடையிடுக்கு சிவந்து தடித்து, அரிப்பெடுத்தது. சபையில் சொறியவும் முடியவில்லை. அரியணையில் ஒழுங்காக உட்காரவும் முடியவில்லை.

விகடகவி தித்தப்பன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி மங்காபதி, அரசர் நெளிவதைக் கண்டார். என்ன நோய் என்று தெரியாமலே, தித்தப்பன் முன்பொரு நாள் விளையாட்டாக அரியணையில் அமர்ந்த தோஷம்தான் இது என்று சபையறியச் சொல்லிவிட்டார்.

அரசர் தித்தப்பனைத் தனியே அழைத்து, வெட்கத்தை விட்டு நோயைச் சொன்னார்.

"உண்மைக் காரணத்தை நாளை நிறைந்த சபையில் நீ கூற வேண்டும். ஆனால் எனக்கு என்ன நோய், எங்கே நோய் என்று ஒருவரும் அறியக் கூடாது. தவறினால் நாட்டைவிட்டுப் போய்விடு."

தித்தப்பன் நேராக உடை அணிவிக்கும் பணியாளிடம் போய் விசாரித்தான். அரசர் வியர்வையோடு ஏரியில் குதிப்பதும், துவட்டாமல் அதே கால்சட்டையை மாட்டிக்கொள்வதும் தெரியவந்தது.

மறுநாள் சபையில் தித்தப்பன் ஒற்றனைப் போல வணங்கி நின்றான்.

"அரசே, படை புகுந்துவிட்டது."

படைத்தலைவர் வாளில் கைவைத்தார். அது சேனையல்ல, தோலில் படரும் படை என்று அரசருக்கு மட்டும் விளங்கியது.

"இரு குன்றுகளுக்கு நடுவிலுள்ள கணவாயில் காற்று நுழையாதபடி மதிலை இறுக்கிவிட்டோம். தேங்கிய நீர் வடியவில்லை. ஈரமும் வெக்கையும் இருட்டும் சேர்ந்த இடமென்றால் அந்தப் படைக்குக் கொண்டாட்டம். குதிரைப் போக்குவரத்தில் உரசி உரசி வழியும் புண்ணாகிவிட்டது. மதிலைத் தளர்த்தி, ஈரத்தைத் துடைத்தால் போதும். எஞ்சியதை விரட்டத் தெரிந்தவர் அரண்மனையிலேயே இருக்கிறார்."

மங்காபதிக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"இவனுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும், அரசே? அந்தப் படையை என்னிடம் விடுங்கள். முழுவதையும் நான் ஒருவனே தாங்கிக்கொள்கிறேன்."

"முடிந்தால் இப்போதே தந்துவிடுவேன், பிரதானியாரே" என்ற அரசர், கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தித்தப்பனுக்கு அணிவித்தார். 

அன்றே அரசர் தளர்வான பருத்தி வேட்டிக்கு மாறினார். மருத்துவர் தந்த களிம்பில் அரிப்பும் அடங்கியது. படைத்தலைவர் மட்டும் வடக்குக் கணவாயில் காவல் போட்டுவிட்டு, தம்மைக் கண்டு எதிரி ஓடிவிட்டதாகச் சபையில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அரசர் தித்தப்பனைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்.