சிறுகுறிஞ்சான் வாங்கிக்கொண்ட இனிப்பு

அந்தக் காலத்தில் எறும்புக்கும் கொடிக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் கொடுக்கல் வாங்கலும் இருக்கும்.

செம்மணல் மேடான தேரியில், பனைகளுக்கு நடுவே, சுடலைவடிவு என்பவள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிவந்தாள். அவள் புருஷன் தவசிக்கண் பனையேறி. பாகின் பதத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். மற்றவர்கள் ஒரு காய்ச்சலுக்கு மூன்று முறை பார்ப்பார்கள். இவள் பத்து முறை பார்ப்பாள். அகப்பையில் ஒட்டியதையும் விடமாட்டாள்.

முதல் அகப்பைப் பாகு எறும்புகளின் பங்கு. அதை ஊற்றிவிட்டால் அடுக்கிவைத்த கருப்பட்டியை அவை தொடாது. இந்த ஏற்பாட்டை இரு தரப்பும் மீறியதில்லை.

ஒரு பங்குனியில் அவளைத் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தாள். எதுவும் உடம்பில் தங்கவில்லை. ஆள் ஓலையாக வற்றினாள். காலில் முள் தைத்த புண் ஆறவேயில்லை.

ஒரு நாள் உச்சிவேளையில் எறும்புப் பங்கை ஊற்றினாள். ஒன்றுகூட வரவில்லை. பாகு மணலில் இறுகிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால், வேலியோரம் அவள் ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில், மணல் கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது.

"ஏன், இன்னைக்குப் பாகு கசக்குதாக்கும்?" என்று கேட்டாள்.

"பாகு எதுக்கு மைனி?" என்றது முன்னால் நின்ற எறும்பு. "நீங்களே பாகா ஆயிட்டிய. பதம் வரணும், அவ்வளவுதான்."

"எப்ப வரும்?"

"அவசரமில்ல. நாங்க இருக்கோம்."

அன்றிலிருந்து அவள் பின்னால் ஒரு வரிசை வந்தது. கடிக்கவில்லை. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. உட்கார்ந்தால், பந்திக்கு வந்தவர்கள்போல் சுற்றிலும் அமர்ந்துகொண்டது.

"சாம்பலத் தூவு ஏளா, போயிரும்" என்றான் தவசிக்கண். தூவினாள். வரிசை சாம்பலைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப பாகத் தொடாத."

"நாக்குல வைக்காம பதம் எப்படிப் பாக்க? வச்சுட்டா விட மனசு வரலயே."

வேலியில் சிறுகுறிஞ்சான் படர்ந்திருந்தது. அந்நாளில் அதன் இலைக்கு எந்தச் சுவையும் கிடையாது. ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். மூன்று நாள் அது அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் அவள் தோளில் ஒரு நுனியைப் போட்டது.

"உன் நாக்குல இருக்குற இனிப்ப எனக்குத் தா. ஆசையும் அதோட வந்துரும்."

"திருப்பித் தருவியா?"

"உனக்குத் தரமாட்டேன். உனக்குப் பொறவு வாரவங்ககிட்ட கொஞ்ச நேரம் மட்டும் வாங்கிக்கிடுவேன்."

"பதம் பாக்க நான் என்ன செய்ய?"

"அது உன் பாடு."

சுடலைவடிவு வரிசையைப் பார்த்தாள். முன்னால் நின்ற எறும்பு முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இலைகளைப் பறித்து மென்றாள். சுவையே இல்லாத இலை அன்றைக்குக் கசந்தது. பிறகு விரல்நுனியில் பாகைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மணலைத் தின்றதுபோல் இருந்தது. செத்த வீட்டில் அழுவதுபோல் அழுதாள்.

மூன்று காய்ச்சல் கரிந்துபோயின. நான்காவதில் ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாள். கரையாமல் திரண்டு வந்தது, அதுதான் பதம். காலையில் இரண்டு இலை மெல்லுவதையும் விடவில்லை. தாகம் தணிந்தது. புண் காய்ந்தது.

ஒரு உச்சிவேளையில் முன்னால் வந்த எறும்பு வேலியோர மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"என்ன கொழுந்தனாரே, பந்தி இல்லையா?" என்றாள்.

"இங்க இல்ல மைனி. வேற வீடு பாத்துக்கிடுதோம்."

மனிதரிடம் எறும்பு பேசிய கடைசிப் பேச்சு அது.

அன்று முதல்தான் சிறுகுறிஞ்சான் இலையை மென்றவர் நாக்கில் கொஞ்ச நேரம் சர்க்கரை மணலாகிறது. கருப்பட்டிப் பதத்தைத் தண்ணீரில் பார்க்கிறார்கள். எதிரெதிரே வரும் எறும்புகள் நின்று முகத்தோடு முகம் தொட்டுக்கொள்வதும் அன்று முதல்தான். எந்த வீடு என்று விசாரித்துக்கொள்கின்றன.