யாரும் உட்காராத மணை

ஒரு விடுகதை. யோசித்துச் சொல்லுங்கள்.

கூடத்தின் நடுவே ஒரு மணைப்பலகை. அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் பேச எழுந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அது யாருக்காகப் போட்ட மணை?

விடை தெரியவில்லையா? போகட்டும். அந்த மணை கிடந்த கல்விச்சாலையில் படித்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. கேட்டால், "அது இங்கே வழக்கம்" என்பார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்கிறார்கள்? மணை சும்மாதானே கிடக்கிறது என்று ஒருவன் அதில் மோர்ச் செம்பை வைத்தான். இன்னொருத்தி முருங்கைக்காய்க் கட்டை வைத்தாள். மழைக்காலத்தில் ஈரத்துண்டு உலர்த்தவும் அது வசதியாக இருந்தது.

அந்தக் கல்விச்சாலையை நடத்தியவர் பெயர் மாதேவி. பிள்ளைகள் குருவம்மை என்பார்கள். குரலை உயர்த்த மாட்டார். சிரிக்கவும் மாட்டார். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். நடந்ததை ஆராய்ந்து எழுதலாம். பாட்டுக் கட்டலாம். மனிதர் மனம் ஏன் அப்படிப் போகிறது என்று யோசித்தும் எழுதலாம். எழுதியதை எல்லோர் முன்னும், அந்த மணையைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம்தான். ஆனால் பிள்ளைகளின் விருப்பம் தனித்தனியாக வருவதில்லையே. ஒரு வருஷம் எல்லோருக்கும் மதம் பிடித்த பட்டத்து யானை. மறு வருஷம் எல்லோருக்கும் காணாமல் போன இளவரசி. இந்த வருஷம் மதகு திறந்தவன்.

அந்தக் கதையை அந்த வட்டாரத்தில் கேட்காதவர்கள் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழையில் ஏரி தளும்பியது. கரை உடைந்தால் பேரூர் போய்விடும். மதகைத் திறந்தால் பேரூர் பிழைக்கும். ஆனால் தாழ்வில் இருக்கும் கீழ்க்கரைக்குள் தண்ணீர் புகும். அதனால், மதகைத் திறக்கும் முன் முரசு அடிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை இருந்தது. முரசு கேட்டால் கீழ்க்கரை ஜனங்கள் மேட்டுக்கு ஓடிவிடுவார்கள். அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் மதகு திறந்தது. முரசு கேட்கவில்லை. கீழ்க்கரையில் பலர் செத்தார்கள். மதகுக் காவல்காரர் இருளப்பனும் அதற்குப் பிறகு வீடு திரும்பவில்லை.

இருளப்பனுக்கு ஒரு மகள் உண்டு. பெயர் சிவந்தி. பன்னிரண்டு வயது. அவள் அதே கல்விச்சாலையில்தான், கதவோரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தான் யார் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு.

"சிவந்தி, நீ ஏரிப் பக்கத்துக்காரிதானே?" என்று தேனப்பன் கேட்டான். அவன் பாட்டுக் கட்டுகிறவன். "அந்த ஆள் எப்படி இருப்பான்? மீசை வைக்கலாமா?"

"வை."

"கண்?"

"பூனைக்கண்."

"அடடா! எனக்கு முன்னாலேயே தோன்றியது." தேனப்பன் அப்போதே எழுதிக்கொண்டான்.

அவள் அப்பாவின் கண் எல்லார் கண்ணையும் போலத்தான் இருக்கும். சிவந்திக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

வடிவு அதைவிட மோசம். வடிவு மூத்தவள், இரக்கம் உள்ளவள். "பாவம்டி அவன்," என்றாள். "துரோகி என்று சொல்வதெல்லாம் சும்மா. பயத்தில் புத்தி கலங்கியிருக்கிறது. நான் அதைத்தான் எழுதப் போகிறேன். பயந்தவன் மனசு எப்படி வேலை செய்யும் என்று."

"உனக்கு அவரைத் தெரியுமா, அக்கா?"

"தெரிய வேண்டுமா என்ன? எலி பயந்தால் எப்படி ஓடும் என்று பார்த்தால் போதாதா?"

அன்று மதியம் சிவந்தி சாப்பிடவில்லை. குருவம்மை கொல்லையில் வேலிக்கு முள் அடைத்துக்கொண்டிருந்தார். நேரே அங்கே போய் நின்றாள்.

"அந்தப் பொருளை எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள், குருவம்மை."

"எந்தப் பொருளை?"

"மதகு திறந்தவன்."

"ஏன் கூடாது?"

"அவர் என் அப்பா."

"தெரியும்," என்றார் குருவம்மை. ஒரு முள்கொத்தை வேலியில் செருகினார்.

சிவந்திக்குக் காது இரண்டும் சுட்டது. "தெரியுமா? தெரிந்துமா விட்டீர்கள்? ஒருத்தன் பூனைக்கண் வைக்கிறான். ஒருத்தி எலி என்கிறாள். நீங்கள் கேட்டுக்கொண்டு வேலி அடைக்கிறீர்கள்."

"நான் தடுத்தால் கூடத்தில் பேச மாட்டார்கள். கிணற்றடியில் பேசுவார்கள். உனக்கு அது பரவாயில்லையா?"

அவள் கையில் கிடைத்த முள்கொத்தை எடுத்து வேலிக்குள் ஆத்திரத்தோடு திணித்தாள். விரலில் ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

"அவர்கள் சொல்வது தப்பு என்றால், சரியானதை நீ சொல்லேன்," என்றார் குருவம்மை.

"எனக்கு என்ன தெரியும்? மதகைத் திறந்தது அவர்தான். முரசு ஏன் அடிக்கவில்லை? என்னிடம் சொல்லிவிட்டா போனார்? வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு தடவையாவது வந்து சொல்லியிருக்கலாம்."

குருவம்மை முள்ளைக் கீழே வைத்தார்.

"படிக்கும் நாளில் கூடம் பெருக்குவது நீ. மணையைக் கழுவித் துடைத்துப் போடு."

"இதுதான் பதிலா?"

"கழுவும்போது மேல்பக்கத்தை நன்றாகத் தேய்த்துப் பார்."

படிக்கும் நாள் வந்தது. காலையில் சிவந்தி மணைமேல் கிடந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடிப்பக்கம் மண்ணாக இருந்தது. மேல்பக்கத்தில் நடுவே சற்றுத் தேய்ந்து குழிந்திருந்தது. செம்பு வைத்தால் அப்படித் தேயாது. முன்பு ஒரு காலத்தில் இதில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என் மோர்ச் செம்பு எங்கே?" என்று அரங்கன் கேட்டுக்கொண்டே வந்தான். ஒல்லியான பையன், யாரிடமும் அதிகம் பேச மாட்டான்.

"தரையில்."

அவன் குனிந்து எடுத்துக்கொண்டான். முதலில் படிக்க எழுந்தவனும் அவன்தான். மழை எப்போது தொடங்கியது, ஏரியில் எந்தக் கல் வரை தண்ணீர் ஏறியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று படித்தான். "மதகு காத்தவர் மதகைத் திறந்தார். முரசு கேட்கவில்லை. காரணம் தெரியவில்லை. கீழ்க்கரையில் கடைசியாகக் கிடைத்தது ஒரு குழந்தை." இந்த இடத்தில் நிறுத்தி, மோரை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு மிச்சத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தான். சந்தையில் சரக்கு விவரம் சொல்வது போல இருந்தது.

கல்நெஞ்சுப் பயல் என்று சிவந்தி மனசுக்குள் திட்டினாள்.

அடுத்துத் தேனப்பன் பாடினான். பூனைக்கண் வந்தது. மீசை வந்தது. வெள்ளம் பாயப் பாய மதகின்மேல் நின்று சிரிக்கும் சிரிப்பும் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சிரிக்கும் இடத்தை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள். அவனும் பாடினான்.

பிறகு வடிவு எழுந்தாள். ஓலையைப் பிரித்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

சிவந்தி கதவோரத்திலிருந்து எழுந்து, நடந்து வந்து, மணையில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் ஒரே சிரிப்பு.

"ஏய், அது உட்காருகிற மணை இல்லை," என்றான் தேனப்பன்.

"காலையில் அவள்தானே கழுவினாள். கூலி கேட்கிறாள் போல," என்றான் இன்னொருவன்.

"பின்னே அது யாருக்குப் போட்ட மணை?" என்று கேட்டார் குருவம்மை.

சிரிப்பு நின்றது. யாருக்கும் தெரியவில்லை. "வழக்கம்..." என்று ஒரு குரல் இழுத்தது.

"நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவருக்குப் போட்டது. முன்பெல்லாம் ஆள் விட்டு அழைத்து வருவோம். அவர் வர முடியாவிட்டால் வீட்டார் வருவார்கள். வருகிறவர்கள் குறைந்து போனார்கள். நீங்கள் மோரை வைத்தீர்கள்."

"சிவந்தி ஏன் அதில்..." என்று தொடங்கிய வடிவு பாதியில் நிறுத்தினாள்.

"நான் இருளப்பன் மகள்," என்றாள் சிவந்தி. "படி அக்கா. எலி எப்படி ஓடும் என்று எழுதியிருப்பாயே, அதைப் படி."

வடிவு ஓலையைப் பார்த்தாள். சிவந்தியைப் பார்த்தாள். "அந்த மனிதன்..." என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் வரவில்லை. தேனப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படிக்க முடியாவிட்டால், கேள்," என்றார் குருவம்மை.

வடிவு மெல்லக் கேட்டாள். "அன்றைக்கு... அவர் பயந்திருந்தாரா?"

"கஞ்சி குடித்தார். உப்புக் குறைவு என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனார்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது."

வடிவு ஓலையைக் கட்டி வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் சிவந்திக்கு ஆத்திரம் அடங்கவில்லை, ஏறியது. இவ்வளவு நாள் கூசாமல் பேசியவர்கள், ஒருத்தி எதிரே உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார்கள். அவள் குருவம்மை பக்கம் திரும்பினாள்.

"என் பொருளும் அதுதான். என் அப்பாவைப் பற்றி நான் எழுதுகிறேன். மழையில் முரசுத் தோல் ஊறிப் போனால் அடித்தாலும் சத்தம் வராது. அவர் அடித்திருப்பார். அவர் ஊரைக் காப்பாற்றத்தான் திறந்தார்."

"எந்த ஊரை?"

கேட்டது குருவம்மை இல்லை. அரங்கன். அவன் எழுந்து நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது. அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பேரூரை," என்றாள் சிவந்தி. "பேரூர் பிழைத்ததா இல்லையா?"

"பிழைத்தது. நான் கீழ்க்கரை. மேட்டில் இருந்த மாமன் வீட்டுக்குப் போயிருந்ததால் நான் இருக்கிறேன். கடைசியாகக் கிடைத்த குழந்தை என்று படித்தேனே, அது என் தங்கை."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நீ யார் என்று உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாயா?" என்றான் அரங்கன். "மதகடி வீட்டு வாசலில் உன்னை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீ இங்கே சேர்ந்த அன்றைக்கே தெரியும்."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"சிவந்தி," என்றார் குருவம்மை. "எழுதப் போகிறாய் என்றால் மணையை விட்டு எழுந்திரு. எழுதுகிறவர் அதில் உட்காரக் கூடாது."

அவள் எழுந்தாள். "வேறு யார் உட்கார்வார்கள்? அப்பாதான் இல்லையே."

"உன் எழுத்தில் உன் அப்பா மட்டும்தான் வருவாரா?"

சிவந்தி அரங்கனைப் பார்த்தாள். அவன் மோர்ச் செம்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இன்னும் போகவில்லை. யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

"அவன் எதிரே உட்கார்ந்திருந்தால் நான் எப்படி எழுதுவேன், குருவம்மை?"

"நீ கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாய். அவன் எப்படி எழுதினான்?"



சிவந்தி தன் பொருளை மாற்றிக்கொள்ளவில்லை. தான் படிக்கும் நாளில் மணையில் அரங்கன் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.