பன்றிக்கு இல்லாத கதவு

“வௌவால் ஃப்ளூ பன்னிக்குள்ள போகவே போகாது, மேடம். நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க.”

சொன்னவர் வேலாயுதபெருமாள். கால்நடை மருத்துவராக ஊர் ஊராக அலைந்துவிட்டு, தலை நரைத்தபின் வைரஸ் ஆராய்ச்சிக்கு வந்த சீடர். குரு ஹெப்சிபா அவரைவிட வெகு இளையவர். அது சீடருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

“என் தங்கச்சி பன்னிப் பண்ணை வச்சிருக்கா. கொட்டகைக்கு மேலேயே வௌவால் அடையிற மரம். கொட்டகைய வேற இடத்துக்கு மாத்தணுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்.”

“சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

குருவின் முகம் சுருங்கியது.

“எந்த செல்லுல பாத்தீங்க?”

“நுரையீரல் செல். வைரஸோட மேலுறைய ஆபத்தில்லாத வேற வைரஸுக்கு மாட்டிவிட்டேன். உள்ள போனா செல் பச்சையா ஒளிரணும். மனுஷன், பன்னி, கோழி, எல்லாம் ஒரே இருட்டு.”

“ஏன் நுரையீரல்?”

இது ஒரு கேள்வியா என்று சீடருக்கு எரிச்சல் வந்தது.

“ஃப்ளூன்னா நுரையீரல்தானே, மேடம்?”

“சட்டைக் கைய மடக்குங்க.”

“எதுக்கு?”

குரு ரத்தம் எடுத்தார். எத்தனையோ மாடுகளுக்கு ஊசி குத்திய மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஆய்வகத்தில் வௌவால் ரத்தமும் பன்றி ரத்தமும் ஏற்கெனவே இருந்தன. குரு மூன்றிலிருந்தும் கிருமியைப் பிடிக்கிற காவல் செல்களை மட்டும் பிரித்தார். சீடர் செய்துவைத்த அதே வைரஸை அவற்றில் விட்டார்.

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் காலை சீடர் நுண்ணோக்கியில் குனிந்தார். தட்டின் முதல் குழி பச்சை.

“வௌவால்.”

“ஆமா.”

அடுத்ததும் பச்சை.

“இதுவும் வௌவால்தானே?”

“பன்னி.”

சீடர் தட்டை நகர்த்தினார். மூன்றாவதும் பச்சை.

“இதுவும் பன்னியா?”

“அது நேத்து உங்க கையில எடுத்தது.”

சீடர் சட்டென்று எழுந்துவிட்டார். பஞ்சு ஒட்டியிருந்த கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எது வழியா போச்சு?”

“காவல் செல் கிருமியப் பிடிச்சா என்ன செய்யும்?”

“அதோட ஒரு துண்ட வெளிய நீட்டி மத்த செல்லுக்குக் காட்டும்.”

“நீட்டுற அந்தக் கையப் பிடிச்சுத்தான் வைரஸ் ஏறுது. நீங்க பாத்த நுரையீரல் செல்லுல அந்தக் கை இல்ல.”

சீடருக்கு அதிர்ச்சி என்றால் அப்படியொரு அதிர்ச்சி.

“அது... அது பாதுகாப்புக்குன்னு இருக்கிறதாச்சே!”

“ஆமா.”

“எல்லா மிருகத்துக்கும் அது உண்டே!”

“ஆமா.”

“அப்ப நோய் வந்துடுமா?”

“உள்ள போறது வேற, நோய் வர்றது வேற. அது எனக்கும் தெரியாது. போகவே போகாதுன்னு சொன்னது நீங்க.”

சீடர் தங்கை முத்துலட்சுமியைப் போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, நீயே கூப்பிட்டுட்டியா! நீ சொன்ன தைரியத்துல பக்கத்துப் பண்ணைக்காரங்க பன்னியவும் நம்ம கொட்டகையிலயே கொண்டாந்து அடைச்சாச்சு. டாக்டரே சொல்லிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்!”

சீடர் குருவைப் பார்த்தார். குரு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

“அண்ணே? லைன்ல இருக்கியா?”

“நான் பாத்த எடம் தப்பு, தாயி.”