பிரதானி காத்த நாழிகை வட்டில்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தில், ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் கொசு கடித்துச் சீக்கிரமே எழுந்துவிட்டார். குளிர்ந்த காற்றும் பறவைச் சத்தமும் அவருக்குப் பிடித்துப் போயின. ஒரு வாரம் அப்படியே எழுந்தார். ஒரு வாரம் சீக்கிரம் எழுந்த மனிதரோடு யார் குப்பை கொட்டுவது?

பிரதானி திருமேனி கோழியோடு எழுகிறவர். விகடகவி ஆவுடையப்பனோ வெயில் முகத்தில் அடித்தால்தான் கண் திறப்பான். ஆனால் சாயங்காலம் வந்துவிட்டால் அவன் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அவன் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்கப் பிரதானிக்கு வெகுநாள் ஆசை. அதனால் ராஜாவிடம் ஓதினார்.

"மகாராஜா, விடியுமுன் எழுகிறவன்தான் உத்தமன். விடிந்தபின் உறங்குகிறவன் சோம்பேறி, பொய்யன்."

ராஜா உடனே ஆணையிட்டார். விடிய நான்கு நாழிகை இருக்கும்போது சபை கூடும். தாமதமாக வருகிறவன் தேசத்தை விட்டுப் போகவேண்டும். விடிந்தபின் உறங்குகிறவன் சொல் எதுவும் சபையில் செல்லாது.

மறுநாள் ஆவுடையப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் தூணில் ஏறியிருந்தது.

"ஆறு நாழிகை தாமதம்!" என்றார் பிரதானி. சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆவுடையப்பா, பொழுது சாய்வதற்குள் பெண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டிவிடு" என்றார் ராஜா. சொல்லும்போது அவருக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

ஆவுடையப்பன் கொட்டாவியை விழுங்கினான். தூக்கம் போன இடம் தெரியவில்லை. "உத்தரவு மகாராஜா. ஆறு நாழிகை என்று சொன்னது யார்?"

"அரண்மனைச் சேகண்டி" என்றார் பிரதானி.

"சபை கூடும் நாழிகையை அடித்தது யார்?"

வட்டில்காரர் பேச்சிமுத்துதான். ஓட்டை வட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அது மூழ்குந்தோறும் ஒரு நாழிகை என்று சேகண்டி அடிப்பவர். ராத்திரி முழுக்க அவர் காவல். விடிந்ததும் பகல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆள் அனுப்பி எழுப்பிவந்தார்கள்.

"என்ன சாமி, நாழிகை தப்பிருச்சா? சத்தியமா நான் கண்ணசரலீங்க!" என்று பதறினார் அவர்.

"இல்லையய்யா. ஆனால் இப்போது தூங்கிக்கொண்டிருந்தீர் அல்லவா?" என்றான் ஆவுடையப்பன். ராஜாவிடம் திரும்பினான். "மகாராஜா, விடிந்தபின் உறங்குகிறவர் சொல் செல்லாது. இவர் அடித்த சேகண்டியும் செல்லாது. செல்லாத நேரத்துக்கு நான் எப்படித் தாமதமாக வரமுடியும்?"

சபையில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. ராஜா மீசையைத் தடவினார். "சரிதான். இன்றிரவு சொல் செல்லுகிற உத்தமர் ஒருவர் வட்டில் காக்கட்டும். பிரதானி, நீரே காரும். நாளைக்கும் ஆவுடையப்பன் பிந்தினால் அவனுக்கு மன்னிப்பில்லை."

"அடியேன் பாக்கியம்" என்றார் பிரதானி. வேறென்ன சொல்வார், பாவம்! விளக்கு வைத்தாலே சொக்கிப்போகிறவர் அவர்.

மறுநாள் சேகண்டிச் சத்தம் கேட்டபிறகு எழலாம் என்று ராஜா படுத்திருந்தார். சபையோரும் பகல்காரரும் அப்படியே படுத்திருந்தார்கள். சத்தமே வரவில்லை. ஜன்னல் வழியே வெயில் சுட்டதும் ராஜா அலறியடித்துக்கொண்டு சபைக்கு ஓடினார். அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். ஆவுடையப்பன்.

"நீ மட்டும் எப்படியடா வந்தாய்?"

"சேகண்டி கேட்டு எழுகிற வழக்கம் எனக்கு எந்நாளும் கிடையாதே, மகாராஜா! வழக்கம்போல எழுந்து வந்தேன். இன்றைக்கு நான்தான் முதல்."

போய்ப் பார்த்தால், வட்டில் தொட்டியின் அடியில் கிடந்தது. தொட்டிமேல் கையைப் போட்டபடி பிரதானி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பியதும் ராஜாவைப் பார்த்துத் துள்ளி எழுந்தார்.

"பொய்யரே, நீர் கிளம்பும்!" என்று சீறினார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா," என்று குறுக்கே வந்தான் ஆவுடையப்பன். "இவர் பொய்யரில்லை. இவர் உடம்பு காலை உடம்பு, பொழுது சாய்ந்தால் படுத்துவிடும். என் உடம்பு சாயங்கால உடம்பு. பேச்சிமுத்து இருபது வருஷமாக விடிந்தபின்தான் உறங்குகிறார், ஒரு நாழிகை தப்பியதுண்டா?"

ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆணை அன்றே போயிற்று. வட்டில் பேச்சிமுத்துவிடம் திரும்பியது. காலைச் சபை பிரதானிக்கும் சாயங்காலச் சபை ஆவுடையப்பனுக்கும் என்றானது.

"உனக்கு ஒரு முத்துமாலை தருகிறேன். நாளை விடியற்காலையில் வந்து வாங்கிக்கொள்" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் கைகூப்பினான். "மகாராஜா, தருவது பரிசா, தண்டனையா?"

ராஜா மறுபடி சிரித்து, கழுத்திலிருந்த மாலையை அப்போதே கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.