கண்ணாடியில் விழுந்த பள்ளம்

மலைமேல் இருந்த அந்த வானாய்வுக்கூடத்தில், பெரிய தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தேய்க்கும் பட்டறைக்குத் தலைவர் சிதம்பரநாதன். அவரிடம் தொழில் பழக வந்தவர்கள் பலர். விட்டுப் போகாமல் நின்றவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். அவர் ஓய்வுபெறும் நேரம் நெருங்கியது. அப்போது அரசி தேய்த்துக்கொண்டிருந்த பெரிய கண்ணாடியை முடித்துக் கொடுப்பவருக்கே பட்டறை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

வேலை முடியும் தறுவாயில் அவருடைய அக்கா மகன் கிரிதரன் வந்து சேர்ந்தான். கடைசி மெருகு அவன் கைக்குப் போயிற்று.

தேய்த்த கண்ணாடியைச் சூடு ஆறும்வரை சோதித்துப் பார்க்கக் கூடாது. அந்தப் பட்டறையில் நுழைகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. பாடம் கேட்க கிரிதரனுக்கு ஏது நேரம்? உள்ளங்கையைக் கண்ணாடிமேல் ஊன்றி யாருடனோ கதையளந்துவிட்டு, உடனே சோதனை விளக்கைப் போட்டுப் பார்த்தான். கைச்சூட்டில் அந்த இடம் உப்பியிருந்தது. மேடு என்று நினைத்து அதைத் தேய்த்துத் தள்ளினான்.

மறுநாள் கண்ணாடி ஆறியதும் அங்கே பள்ளம் தெரிந்தது. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் நட்சத்திரத்தைக் கலங்கடிக்க அது போதும்.

சிதம்பரநாதன் அரசியைக் கூப்பிட்டார்.

“நீதான்மா சரிபண்ணணும்.”

“பள்ளத்தை மட்டும் நிரப்ப முடியாதுங்களா ஐயா?”

“கண்ணாடியில எதையும் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். பள்ளம் இருக்கிற மட்டத்துக்கு மத்த இடம் பூரா இறங்கணும்.”

“மத்த இடம் பூரா நான் தேய்ச்சதுங்க. சரியா இருக்கு.”

“அந்தச் சரியா இருக்கிறதைத்தான் தேய்க்கணும்.”

அவள் தேய்த்தாள். தன் கையால் செய்த நல்ல வேலையைத் தன் கையாலேயே மாதக்கணக்கில் அழிப்பது என்ன வேதனை என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கிரிதரன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

முடிந்ததும் மேலிடத்து ஆட்கள் வந்து சோதித்தார்கள். அப்பழுக்கில்லை என்றார்கள். கடைசி மெருகு போட்டது யார் என்று கேட்டார்கள். சிதம்பரநாதன் கிரிதரனைக் காட்டினார். சால்வையும் அவனுக்கு, பட்டறையும் அவனுக்கு.

எல்லோரும் போனபிறகு அரசி அவர் முன்னால் வந்து நின்றாள்.

“பள்ளம் விழுந்தது யாராலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?”

அவர் எழுந்து சோதனை விளக்கைப் போட்டார்.

“பள்ளம் எங்கம்மா? காட்டு.”

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரவியிருந்தது. எவ்வளவு தேடியும் அந்த இடம் அவளுக்கே பிடிபடவில்லை.

“இல்லீங்க.”

“நீ கொஞ்சம் சுமாரா செஞ்சிருந்தா, இது யார் தப்புன்னு அவங்க கேட்டிருப்பாங்க. கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்.”

“கேட்டாத்தான் சொல்வீங்களா?”

சிதம்பரநாதன் விளக்கை அணைத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“கேட்காமலே சொல்ற ஆளா இருந்தா, கடைசி மெருகை அவன் கையில கொடுத்திருப்பேனாம்மா?”