இறால் கொட்டகைக்குப் போன பாடம்

கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு பாடம் குடியிருந்தது. மீனும் இறாலும் கெடாமல் காப்பது எப்படி என்று சொல்லித் தரும் பாடம். மொத்தம் பத்துப் பகுதிகள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

எட்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். பத்தாம் பகுதிவரை வந்தவர்கள் பதினோராயிரம் பேர்தான்.

பாடத்துக்கு மனம் ஆறவில்லை. காவல் வேலை பார்க்கும் கேள்வியிடம் காரணம் கேட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எழுந்து ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்பது கேள்வியின் வேலை. பத்து நொடிக்குள் யாரும் திரையைத் தொடாவிட்டால், ஆள் தூங்கிவிட்டதாக எழுதிக்கொண்டு, பகுதியை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டுவிடும்.

“இலவசம் என்றால் இப்படித்தான்,” என்றது கேள்வி. “இதோ, ஜெனோவா என்று ஒருத்தி. முதல் பகுதியிலேயே நாற்பத்து மூன்று தடவை தூங்கியிருக்கிறாள்.”

தூங்குகிறவள் எதற்காக இத்தனை தடவை வருகிறாள்? பாடம் அவளைப் பார்க்கக் கிளம்பியது. கேள்வியும் கூடப் போனது.

ஜெனோவாவின் கைபேசி, கடலோரத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில், பாலித்தீன் உறைக்குள் ஐஸ் பெட்டிமேல் சாய்ந்திருந்தது. சுற்றிலும் ஜெனோவாவையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். கையுறை போட்ட கைகள் பனிநீரில் இறால் உரித்துக்கொண்டிருந்தன. வீட்டில் சிக்னல் கிடையாது, படிப்பதென்றால் இங்கேதான்.

ஒருவரும் தூங்கவில்லை. கைபேசி ஒரு வரியைச் சொல்லும் முன்பே பெண்கள் அதைச் சொன்னார்கள். எத்தனை டிகிரி குளிர், எத்தனை மணி நேரம், எல்லாம் மனப்பாடம்.

“ஏட்டி, உன் வாத்தியாருக்கு இந்த ஒரு பாட்டுதான் தெரியுமா?” என்று பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பவுலின் ஜெனோவாவைச் சீண்டினாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அது கிடைத்தால் ஜெனோவாவின் விரல்களுக்குப் பனிநீரிலிருந்து விடுதலை. அதற்காகத்தான் படிக்கிறாள்.

அப்போது திரையில் கேள்வி எழுந்தது. “இருக்கிறீர்களா?”

“இருக்கோம்!” என்றார்கள் பத்துப் பேரும்.

மனிதர் குரலைக் கேட்கக் கேள்விக்குக் காது கிடையாது. ஜெனோவா அவசரமாகக் கையுறையைக் கழற்றினாள். ஒரு கை கழன்று வருவதற்குள் பத்து நொடி தீர்ந்தது. பகுதி முதலுக்குத் திரும்பியது.



“வாத்தியாரு மேல தப்பில்ல,” என்றாள் ஜெனோவா மெதுவாக. “முதல் பகுதியை ஒழுங்காப் படிச்சாத்தானே அடுத்ததுக்கு விடுவாரு? எனக்குத்தான் மண்டையில ஏறல போல. திங்கக்கிழமை நான் போகல அக்கா.”

பாடம் அலறப் பார்த்தது. ஆனால் மனிதர்களிடம் பேச அதற்குப் பதிவுசெய்த சொற்கள் மட்டுமே உண்டு.

“வணக்கம்,” என்றது இனிமையாக. “முதல் பகுதிக்கு உங்களை வரவேற்கிறோம்.”