வடிவின் கைராசி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மடத்துக்குத் தலைவி ஓர் அம்மை. அவரிடம் சீடராக இருந்த ஏகம்பத்துக்கு அவரைவிட நாலு வயது கூட.

பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருகிறவர்களுக்கு மடத்தில் நீர்மோர் கொடுப்பார்கள். மற்ற நாளில் வரும் நாலைந்து பேருக்கு மண்பானை மோரே போதும். பௌர்ணமிக்கு மட்டும் பரணிலிருந்து பித்தளை அண்டா இறங்கும். ஊற்றிக் கொடுக்கக் கீழத்தெருவிலிருந்து வடிவு வருவாள்.

"குடிங்க மகராசா, வெயிலுக்கு இன்னொரு டம்ளர் குடிங்க" என்று பெற்ற பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றுவாள்.

அந்த வருஷம் மோர் குடித்தவர்களுக்கு வாந்தி கண்டது. ஒரு தடவை அல்ல, பல தடவை. ஏகம்பம் கவலைப்பட்டு அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தார். வடிவு வந்தது எட்டு நாள். அதில் ஆறு நாள் வாந்தி. அவள் வராத நாளில் ஒன்றுகூட இல்லை.

சமையல் பொறுப்பிலிருந்த நமச்சிவாயம் அந்தச் சுவரைப் பார்த்தார்.

"பாத்தீரா ஓய்! எல்லாம் அவ கைராசி."

அம்மை ராமேசுவரம் போயிருந்த சமயம் அது. மடத்து வழக்கப்படி முடிவெடுக்கச் சீடர்கள் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வடிவு வாசற்படியருகே நின்றாள்.

"இனிமே இவ வேண்டாம். சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, நமச்சிவாயமே முதலில் "சம்மதம்" என்றார்.

ஏகம்பம் ஆறாவது ஆள். அன்று காலை அண்டாவைத் தேய்த்தவர் அவர்தான். உள்ளே ஈயம் உரிந்து பித்தளை பல்லிளித்தது. புளி போட்டுத் தேய்த்த விரலெல்லாம் பச்சைக் களிம்பு, மோரில் கலந்தால் வயிற்றைப் புரட்டுகிற விஷம். அதைச் சொல்லிவிடத்தான் நாக்கின் நுனியில் வார்த்தையை வைத்திருந்தார்.

"சம்மதம்." "சம்மதம்." "சம்மதம்." "சம்மதம்."

ஐந்து பேர் சொல்லி முடித்ததும், தான் பார்த்தது களிம்புதானா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சம்மதம்" என்றார்.

ஏழாவதாக இருந்த நந்தவனத்துச் சொக்கலிங்கம் அதுவரை ஏகம்பத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக் குனிந்துகொண்டு தானும் சொன்னார்.

"நான் என்ன சாமி செஞ்சேன்?" என்றாள் வடிவு. கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள், பாவம்.

அடுத்த பௌர்ணமிக்கு நமச்சிவாயமே மோர் ஊற்றினார். அன்றும் வாந்தி.

"அவ நின்ன இடம்லா? தோஷம் போக நாளாகும்" என்றார் அவர்.

அம்மை திரும்பி வந்ததும் ஏகம்பம் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"கண்ணால பார்த்தேன் அம்மா. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்?"

அம்மை சுவரைப் பார்த்தார்.

"வடிவு வந்த நாளெல்லாம் வேற என்ன வந்துச்சு?"

"அண்டா வந்துச்சு."

"வேற?"

"கூட்டம்."

"வேற?"

ஏகம்பம் யோசித்தார். "அண்டா தேய்க்க... நான் வந்தேன்."

"அப்போ இந்தக் கோடு உமக்கும் பொருந்துதே!"

பிறகு ஏழு பேரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வந்து மனசில் உள்ளதைத் தம் காதில் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நாலு பேர் 'அவ மேல குத்தம் இல்லை'ன்னு சொல்லுதாங்க" என்றார் அம்மை. "போய்க் கூட்டிட்டு வாரும்."

ஏகம்பம் கீழத்தெருவுக்கு ஓடினார். வடிவு முற்றத்தில் நின்றாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு. உள்ளே தொட்டிலில் மகள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"அண்டாவுல ஈயம் போயிருந்துச்சும்மா. உன் கையில ஒரு குத்தமும் இல்லை."

"ஏழு சாமியும் சொன்னீங்களே."

"தப்பாச் சொல்லிட்டோம்."

"ஒருத்தர் தப்பாச் சொல்லலாம். ஏழு பேருமா சொல்லுவீங்க?"

பிள்ளை வீறிட்டது. வடிவு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ கோமதி! மக தண்ணிக்குப் போயிருக்கா. கொஞ்சம் வந்து பிள்ளையைத் தூக்கேன்."

"நீயே தூக்கலாமே, தாயி?" என்றார் ஏகம்பம்.

"நான் தொடுறதில்லை சாமி" என்றாள்.

ஏகம்பம் மடத்துக்குத் திரும்பியபோது, அதற்குள் அம்மை ஆள் வைத்து ஈயம் பூசிய அண்டா வெள்ளையாக மின்னிக்கொண்டு வெயிலில் காய்ந்தது. அம்மை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ப மாட்டேங்கா அம்மா. பேரப்பிள்ளையைக்கூடத் தூக்க மாட்டேங்கா. நாங்க ஏழு பேருமாப் போய்ச் சொல்லட்டுமா?"

"போய்ச் சொல்லுங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய்ச் சொல்லுங்க."

"எத்தனை பௌர்ணமிக்கு அம்மா?"

அம்மை அண்டாவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்குத் தடுக்க உம்ம ஒரு வாய் போதுமாயிருந்திருக்கும், ஏகம்பம். இனிமே ஏழு வாய்க்கு எத்தனை நாளாகுமோ, எனக்குத் தெரியலையே."